வண்டிக்குப் பின்னால் சைக்கிள் மாட்டினால் ஃபைன் வருமா? ஊருக்குக் கிளம்பும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

வேலை பெங்களூரிலோ ஓசூரிலோ. சொந்த ஊர் காரிமங்கலம் பக்கம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகளைத் தாத்தா பாட்டி வீட்டில் கொண்டுபோய் விடணும். அவங்களோ சைக்கிள் இல்லாம வரமாட்டேன்னு அடம் பிடிக்கிறாங்க. வண்டிக்குள்ள ஆறு பேர், துணிப் பைகள், தண்ணி கேன். சைக்கிளுக்கு எங்கே இடம்?

பல வீடுகளில் இப்போது கண்ணில் படும் பதில், ஆன்லைனில் கிடைக்கும் 'பைக் ரேக்'. வண்டியின் பின்கதவில் பட்டை போட்டு மாட்டி, அதில் இரண்டு மூன்று சைக்கிளைத் தொங்கவிடும் இரும்புச் சட்டம். இதை வாங்கலாமா, வேண்டாமா என்று யோசிக்கும்போதே அடுத்த கேள்வி வந்துவிடும்: வழியில் போலீஸ் நிறுத்தினால் என்ன ஆகும்? 'வண்டியை மாடிஃபை பண்ணிட்டீங்க'ன்னு சொல்வாங்களா?

சுருக்கமான பதில் இதுதான்: சிக்கல் ரேக்கில் இல்லை. சைக்கிள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தாலோ, நம்பர் பிளேட்டை மறைத்தாலோ, பின் விளக்கை மறைத்தாலோதான் சிக்கல். இந்த மூன்றையும் வாங்கும் முன்பே ஒரு டேப் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். எப்படின்னு பார்ப்போம்.

எத்தனை வகை ரேக் இருக்கு?

பின்னால் மாட்டும் ரேக்கில் மூன்று வகை உண்டு.

முதலாவது, பட்டை ரேக். பின்கதவின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கொக்கி மாட்டி, பட்டையை இழுத்து இறுக்குவது. எதையும் துளைக்க வேண்டாம், வெல்டு வேண்டாம், ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். நம்ம ஊர் வண்டிகளுக்கு அதிகம் பொருந்துவது இதுதான்.

இரண்டாவது, ஹிட்ச் ரேக். வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்தப்பட்ட இழுவைக் கொக்கியில் செருகுவது. உறுதியானது, கதவுக்குப் பாரம் இல்லை. ஆனால் இந்தியாவில் விற்கும் குடும்ப வண்டிகள் பெரும்பாலும் கம்பெனியிலிருந்து இந்தக் கொக்கியோடு வருவதில்லை. வெளியே பட்டறையில்தான் போட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஸ்டெப்னி ரேக். பின்கதவில் ஸ்டெப்னி டயர் தொங்கும் ஜீப் வகை வண்டிகளுக்கானது. ஈகோ, எர்டிகா, இன்னோவா மாதிரி வண்டிகளுக்கு இது பொருந்தாது.

14 சென்டிமீட்டர் கணக்கு

விளம்பரப் படங்களில் அகலமான வெளிநாட்டு கார்களைத்தான் காட்டுவாங்க. நம்ம வண்டிகள் அவ்வளவு அகலம் கிடையாது. மாருதி ஈகோவின் உடல் அகலம் 1,475 மி.மீ. எர்டிகா 1,735 மி.மீ. இன்னோவா கிரிஸ்டா 1,830 மி.மீ.

பெரியவர்கள் ஓட்டும் சாதாரண சைக்கிளின் நீளம் எவ்வளவு? முன் டயரின் நுனியிலிருந்து பின் டயரின் நுனி வரை ஏறக்குறைய 1.7 முதல் 1.8 மீட்டர். ரேக்கில் சைக்கிள் வண்டிக்குக் குறுக்காகத்தான் நிற்கும். 1.75 மீட்டர் சைக்கிளை ஈகோவின் பின்னால் சரியாக நடுவில் மாட்டினால், ஒவ்வொரு பக்கமும் சுமார் 14 செ.மீ. வெளியே நீட்டும். எர்டிகாவில் விளிம்புக்கு விளிம்பு சமமாக நிற்கும். கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு பக்கம் வெளியே வந்துவிடும். இன்னோவாவில் உடலுக்குள்ளேயே அடங்கிவிடும்.

14 செ.மீ. என்பது ஒரு கையகலத்தை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனால் நம்ம ஊர் சாலையில் டூவீலர்கள் இடது பக்கமும் முந்தும், வலது பக்கமும் முந்தும். காரிமங்கலம் சந்தை நாளில் கடைத்தெருவுக்குள் வண்டி ஊர்ந்து போகும்போது, பக்கத்தில் உரசிக்கொண்டு வரும் பைக்காரரின் முழங்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் நேராக நிற்கப்போவது அந்த நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம்தான். ஓட்டுநருக்குப் பக்கக் கண்ணாடியில் அது சரியாகத் தெரியவும் தெரியாது.

இதற்குச் செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு: முன் சக்கரத்தைக் கழற்றி வண்டிக்குள் வையுங்கள். அப்போது பெரிய சைக்கிளின் நீளமே சுமார் 1.4 மீட்டராகக் குறையும். ஈகோவின் அகலத்துக்குள் அடங்கிவிடும். பிள்ளைகளின் 20 இன்ச் சக்கர சைக்கிள் பெரும்பாலும் அப்படியே அடங்கும். எதற்கும் உங்கள் சைக்கிளை நீங்களே ஒருமுறை அளந்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 'சைக்கிள் ரேக்' என்ற வார்த்தையே கிடையாது. அதனால் வெவ்வேறு பிரிவுகளைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

முதலில் பிரிவு 52. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கும் முரண்படும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது இந்தப் பிரிவு. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதி செய்தது. 'இனி வண்டியில் எதையும் மாற்றக் கூடாது' என்று அப்போது பரவிய செய்திகள் பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் அதே பிரிவில் ஒரு விளக்கமும் இருக்கிறது. 'மாற்றம்' என்றால் வண்டியின் கட்டமைப்பை மாற்றி, அதனால் அதன் அடிப்படைத் தன்மையே மாறுவது. கழற்றி மாட்டும் பட்டை ரேக் எந்தக் கட்டமைப்பையும் மாற்றுவதில்லை. வீட்டுக்குப் போனதும் கழற்றினால் வண்டி பழையபடிதான் இருக்கும். அதனால் பட்டை ரேக்கை இந்தப் பிரிவுக்குள் கொண்டுவருவது கடினம்.

வெல்டிங் கதை வேறு. 'எதுக்குண்ணே ஆன்லைன்ல வாங்கறீங்க, நாலு ஆங்கிள் வெச்சு நானே அடிச்சுத் தர்றேன்'னு சொல்லும் பட்டறை எல்லா ஊரிலும் உண்டு. வேலையும் உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் அடிச்சட்டத்தில் துளை போடுவதும் நிரந்தரமாக வெல்டு அடிப்பதும் கட்டமைப்பு மாற்றம் என்ற கேள்விக்குள் வந்துவிடும். 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 182ஏ(4)-ன்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டியின் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வெல்டு அடித்தவர் பட்டறையிலேயே இருப்பார். சாலையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கதான்.

கார்களில் முன்பு சர்வ சாதாரணமாக இருந்த பம்பர் கம்பி நினைவிருக்கா? 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதற்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிய பிறகு, ஊர் ஊராக நிறுத்திக் கழற்ற வைத்தார்கள். வண்டியோடு நிரந்தரமாகச் சேர்ந்து, வெளியே நீட்டும் இரும்பு என்றால் அதிகாரிகளின் பார்வை எப்படி இருக்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

பெரிய தொகை எங்கே இருக்கு?

பலரும் மாடிஃபிகேஷனை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் பர்ஸைப் பதம் பார்ப்பது பிரிவு 194(1ஏ). இதுவும் 2019 திருத்தத்தில் வந்தது. சுமையோ அதன் ஒரு பகுதியோ வண்டியின் உடலுக்குப் பக்கவாட்டில் வெளியே நீட்டினாலும், முன்னால், பின்னால், உயரத்தில் அனுமதித்த அளவைத் தாண்டினாலும் அபராதம் ரூ.20,000. சுமையை இறக்கும் செலவும் உங்களுடையது. இன்னொன்றும் இருக்கு: அந்தச் சுமையைச் சரிசெய்யும் வரை வண்டியை நகர்த்த விடமாட்டார்கள். நடு வெயிலில், பிள்ளைகளோடு, சாலையோரத்தில் நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

இந்தப் பிரிவு லாரிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. கம்பி ஏற்றிய லாரியின் பின்னால் மோதி உயிர்விட்டவர்கள் கொஞ்ச நஞ்சம் பேரல்ல. அதனால்தான் சுமை 1 மீட்டர் வரை பின்னால் நீட்டலாம் என்றிருந்த சலுகையை 2014-ல் விதிகளிலிருந்து நீக்கினார்கள். ஆனால் 194(1ஏ)-ல் உள்ள வார்த்தை 'மோட்டார் வாகனம்'. லாரி என்றோ கார் என்றோ பிரிக்கவில்லை.

இதை சைக்கிளுக்குப் பொருத்திப் பார்த்தால், பக்கவாட்டில் நீட்டுவதுதான் எந்த வாதத்துக்கும் இடமில்லாத மீறல். 'உடலுக்கு வெளியே' என்று சட்டம் நேராகவே சொல்கிறது. பின்னால் நீட்டுவது வாதத்துக்குரிய இடம். ரேக்கில் மாட்டிய சைக்கிள் எப்படியும் பின்கதவுக்கு வெளியேதான் இருக்கும். அதை நீட்டிய சுமை என்று ஒரு அதிகாரி சொல்லலாம், கழற்றக்கூடிய ஆக்சஸரி என்று இன்னொருவர் விட்டுவிடலாம். ஒரே வண்டி அத்திப்பள்ளி எல்லையில் ஒரு பதிலையும், கிருஷ்ணகிரியில் வேறொரு பதிலையும் கேட்க நேரிடலாம். வாதத்துக்குரிய விஷயம் ஒன்று இருக்கும்போது, வாதமே இல்லாத தப்பையும் அதோடு சேர்த்துக்கொள்ளாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

நம்பர் பிளேட்டை என்ன பண்றது?

சில வண்டிகளில் பின் நம்பர் பிளேட் கதவின் நடுவில் இருக்கும், சிலவற்றில் பம்பரில். கதவின் நடுவில் இருந்தால் தொங்கும் சைக்கிளின் பெடலும் செயினும் சரியாக அதன் மேல் வந்து நிற்கும்.

'பிளேட்டைக் கழற்றி ரேக்கில் மாட்டிட்டா போச்சு' என்று தோன்றும். முடியாது. 2019 ஏப்ரல் 1 முதல் விற்ற வண்டிகளில் இருப்பது உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். ஒருமுறை பூட்டினால், உடைக்காமல் கழற்ற முடியாத பூட்டு அதில் இருக்கிறது. ஸ்டிக்கர் கடையில் ஒரு நகல் அடித்து ரேக்கில் கட்டினால், அது உயர் பாதுகாப்பு பிளேட் ஆகாது. அதோடு ஒரிஜினல் மறைந்திருப்பதும் மறைந்திருப்பதுதான்.

தனியாக அபராதம் குறிப்பிடப்படாத மீறல்களுக்கான பிரிவு 177-ல் தொகை பெரிதில்லை: முதல் முறை ரூ.500 வரை, அடுத்த முறை ரூ.1,500 வரை. ஆனால் பிளேட் மறைந்த வண்டியை எந்த சோதனைச் சாவடியிலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பாங்க. அதில் தப்பு சொல்லவும் முடியாது. மோதிவிட்டுப் போகும் வண்டியைக் கண்டுபிடிக்க நம்பர்தானே ஒரே வழி?

அதனால் ரேக் வாங்கும்போது, சைக்கிளை உயரத் தூக்கிப் பிடிக்கும் மாடலாகப் பாருங்கள். மாட்டிய பிறகு பத்தடி பின்னால் போய் நின்று போனில் ஒரு போட்டோ எடுங்கள். நம்பர் முழுசாகப் படிக்க முடியுதா? முடியலைன்னா அந்த ரேக் உங்கள் வண்டிக்கு ஏற்றதில்லை.

ராத்திரி, என்ஹெச் 44, பின்னால் ஒரு லாரி

காரிமங்கலத்தைத் தொட்டுச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போவது. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தருமபுரி, தொப்பூர், சேலம் என்று நீளும் இந்தப் பகுதியில் ராத்திரி முழுக்க சரக்கு லாரிகள் ஓடும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நடக்கும் விபத்துகள் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவை.

பெங்களூரில் வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்துக் கிளம்பும் குடும்பம் இந்தச் சாலையில் ஓடுவது பெரும்பாலும் இருட்டில்தான். அப்போது பின்னால் வரும் லாரி டிரைவருக்கு உங்கள் வண்டி என்பது இரண்டு சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். சைக்கிளின் சக்கரம் ஒரு விளக்கை மறைத்தால், தூரத்திலிருந்து வேன் ஒரு பைக் மாதிரி தெரியும். இண்டிகேட்டர் மறைந்தால், நீங்கள் சர்வீஸ் ரோட்டுக்குத் திரும்பப்போவது அவருக்குத் தெரியாது. பிரேக் விளக்கு மறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பின் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். நம்பர் பிளேட்டின் மேல் வெள்ளை விளக்கு எரிந்து, 15 மீட்டரிலிருந்து படிக்க முடிய வேண்டும். ரேக் மாட்டியதும் செய்ய வேண்டிய சோதனை எளிது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக், இரண்டு இண்டிகேட்டர், ரிவர்ஸ் என்று வரிசையாகப் போடட்டும். இன்னொருவர் நேர் பின்னாலும், இரண்டு ஓரங்களிலும் நின்று பார்க்கட்டும். சைக்கிளின் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டுவது நல்லதுதான். ஆனால் மறைந்த விளக்குக்கு அது ஈடாகாது.

40 கிலோ எப்படி 60 கிலோ ஆகுது?

கியர் சைக்கிள் ஒன்று 12 முதல் 15 கிலோ. இரண்டு சைக்கிள், ரேக் எல்லாம் சேர்த்து 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த எடை தொங்குவது பின் சக்கரங்களுக்கும் பின்னால், சுமார் 1.2 மீட்டர் தள்ளி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.4 மீட்டர் இருக்கும் வண்டியில், இது ஏற்றமரம் மாதிரி வேலை செய்யும். பின் அச்சில் 60 கிலோ ஏறும். முன் அச்சிலிருந்து 20 கிலோ குறையும்.

ஏற்கெனவே ஆறு பேரும் பைகளும் இருக்கும் வண்டியில் இதன் விளைவு தெரியும். ஸ்டியரிங் கொஞ்சம் லேசாகும். ஹெட்லைட் சற்று மேல்நோக்கி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஸ்பீடு பிரேக்கரில் பின்பக்கம் தட்டும். அதனால் பின் டயர்களின் காற்றை, முழுச் சுமைக்கு எவ்வளவு என்று வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து நிரப்புங்கள். இ-சைக்கிள் என்றால் எடை 20 கிலோவைத் தாண்டும். பேட்டரியைக் கழற்றி உள்ளே வையுங்கள். ரேக்கில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடை, வழுவழுப்பான சாலைக்கான கணக்கு. நம்ம ஊர் பள்ளங்களுக்கு அதில் கொஞ்சம் மிச்சம் வைப்பது நல்லது.

கொக்கி மாட்டும் இடமும் முக்கியம். கதவின் இரும்பு விளிம்பில்தான் மாட்ட வேண்டும்; பிளாஸ்டிக் ஸ்பாய்லரிலோ கண்ணாடி விளிம்பிலோ கூடாது. முதல் 10 கி.மீ. போனதும் ஒரு டீக்கடையில் நிறுத்திப் பட்டைகளை மறுபடி இறுக்குங்கள். புதுப் பட்டை ஓட ஓடத் தளரும். டயர் சைலன்சர் வாய்க்கு நேராக இருந்தால் சூட்டில் ரப்பர் உருகிவிடும்.

சிஎன்ஜி வண்டிக்காரர்கள் கவனிக்க

சிஎன்ஜி குடும்ப வண்டிகளில் சிலிண்டர் பெரும்பாலும் கடைசி சீட்டுக்குப் பின்னால் இருக்கும். அவசரத்தில் கேஸை மூடும் வால்வை எட்ட, பின்கதவைத் திறந்தாக வேண்டும். பட்டை ரேக்கில் சைக்கிள் தொங்கும்போது பின்கதவைத் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. இரண்டு சைக்கிளையும் ரேக்கையும் கழற்றிய பிறகுதான் வால்வைத் தொட முடியும் என்றால், அந்த வண்டிக்குப் பட்டை ரேக் வேண்டாம். இதில் சமரசமே கூடாது.

மற்றவர்களுக்கும் ஒரு சின்ன ஏற்பாடு: ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர், மருந்துப் பை என வழியில் தேவைப்படுபவை பின்கதவு வழியாக மட்டுமே எடுக்கும்படி இருக்கக் கூடாது. ரிவர்ஸ் சென்சார் சைக்கிளையே தடையாக நினைத்துக் கத்திக்கொண்டே இருக்கும். அதை நம்பாமல், ஒருவரை இறங்கிப் பார்க்கச் சொல்லி ரிவர்ஸ் எடுங்கள்.

இன்சூரன்ஸ்?

வண்டி பாலிசி என்பது வண்டிக்கும், பாலிசியில் தெரிவித்த ஆக்சஸரிகளுக்கும்தான். வெளியே வாங்கிய ரேக்கைத் தெரிவிக்காவிட்டால் அதற்கு இழப்பீடு எதிர்பார்க்க முடியாது. ரேக்கில் இருக்கும் சைக்கிள் உங்கள் தனிப்பட்ட பொருள். சாதாரண வண்டி பாலிசி அதைக் காப்பதில்லை. வெல்டு அடித்து அடிச்சட்டத்தை மாற்றியிருந்தால், சர்வேயர் அதை எழுதுவார். க்ளெய்ம் நேரத்தில் அது ஒரு தகராறாக மாறும்.

மற்ற நாடுகளில் எப்படி?

இந்தக் குழப்பம் தீர்க்க முடியாததல்ல. ஜெர்மனியில் ரேக் நம்பர் பிளேட்டை மறைத்தால், ரேக்கிலேயே அதே நம்பரைத் திரும்பக் காட்ட வேண்டும் என்பது விதி. பின் விளக்கின் வெளி விளிம்பிலிருந்து சுமை 40 செ.மீ.க்கு மேல் நீட்டினால் தனி விளக்கு வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சைக்கிள் ரேக்குக்கென்றே ஒரு நம்பர் பிளேட்டை அரசே தருகிறது. எவ்வளவு அகலம், எந்த பிளேட், என்ன விளக்கு என்ற மூன்று கேள்விக்கும் அங்கே பதில் எழுதியிருக்கிறது. ஓட்டுநருக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும்.

இங்கே ரேக்கை யார் வேண்டுமானாலும் விற்கலாம், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மாட்டிய பிறகு அது சரியா தப்பா என்பது மட்டும் சாலையில் நிறுத்துபவரின் முடிவு. அமைச்சகம் ஒரே ஒரு பக்கத்தில் வழிகாட்டுதல் எழுதினால் போதும்: உடல் அகலத்தைத் தாண்டக் கூடாது, கூடுதல் பிளேட்டை இப்படிப் பெறலாம், விளக்குப் பலகை இப்படி இருக்க வேண்டும். அது வரும்வரை பாதுகாப்பான பக்கத்தில் நிற்பது நம் பொறுப்பு.

சரி, கடைசியில் என்ன பண்ணலாம்?

பிள்ளைகளின் சைக்கிள் ஒன்றுதான் என்றால் ரேக்கே வேண்டாம். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பழைய பெட்ஷீட்டில் சுற்றி, கடைசி சீட்டை மடக்கி உள்ளே வைக்கலாம். ரயிலில் போகிறவர்கள் சைக்கிளை பார்சலாக புக் செய்யலாம்.

ரேக்தான் வழி என்றால், ஆர்டர் போடும் முன் இந்த ஐந்தையும் பாருங்கள்:

1. சைக்கிளின் நீளத்தையும் வண்டியின் அகலத்தையும் அளங்கள். பக்கக் கண்ணாடியைச் சேர்க்காதீர்கள். சைக்கிள் நீளமாக இருந்தால் முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

2. நம்பர் பிளேட் கதவில் இருக்கிறதா, பம்பரில் இருக்கிறதா? அதை மறைக்காத மாடல் மட்டும்.

3. பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் மூன்று கோணத்திலும் தெரியணும்.

4. துளை, வெல்டு இரண்டும் வேண்டாம். கழற்றி மாட்டுவது மட்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிடுங்கள்; காலி ரேக்கோடு ஊர் சுற்ற வேண்டாம்.

5. சிஎன்ஜி வால்வு பின்கதவுக்குள் இருந்தால் பட்டை ரேக்கை மறந்துவிடுங்கள்.

ஐந்துக்கும் சரி என்று பதில் வந்தால், சைக்கிளை மாட்டிவிட்டுப் பகலிலேயே கிளம்புங்கள். பெங்களூரிலிருந்து காரிமங்கலம் சுமார் இரண்டரை மணி நேரம்தான். காலை டிபன் முடித்துப் புறப்பட்டால்கூட, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே பிள்ளைகள் தெருவில் சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சுடுவாங்க.